கழற்றாத வாட்ச்: ஆட்டோமேட்டிக் கட்டிக்கொண்டு நகரம் சுற்ற

ஊர் சுற்றப் போகும்போது எந்த வாட்ச் கட்டலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். காலையில் கட்டினால் ராத்திரி அறைக்குத் திரும்பும்வரை கழற்றவே தேவைப்படாத வாட்ச் எதுவோ, அதைக் கட்டுங்கள். பயணத்தில் வாட்ச் தொலைவதும், கீழே விழுவதும், காந்தம் ஏறிக் கெடுவதும் பெரும்பாலும் கையில் இல்லாத நேரத்தில்தான். கை கழுவும் தொட்டியோரம், ஓட்டல் மேசை, விமான நிலையத் தட்டு என்று கழற்றி வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் கை அசைவில்தான் அது ஓடுகிறது. கழற்றி வைத்தால் பட்டினி.

பழைய தோற்றத்தில் புதிதாகச் செய்யப்படும் ஆட்டோமேட்டிக் வாட்ச்களை இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்கிறது. உதாரண நகரம் டோக்கியோ. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்களின் கையில் நம் ஊருக்கு வந்து சேர்ந்த சீக்கோ 5 பிறந்த நாடு ஜப்பான். அந்த வாட்சைக் கட்டிக்கொண்டே அதன் ஊரைச் சுற்றிப் பார்ப்பது தனி சுகம்.

எதைக் கட்டுவது

பழைய வாட்ச் வேறு, பழைய தோற்றமுள்ள வாட்ச் வேறு. அப்பா கட்டிய எச்எம்டியும் தாத்தா வாங்கிய சிட்டிசனும் பொக்கிஷங்கள். ஆனால் அவற்றின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் பல வருடங்களில் இறுகி வெடித்திருக்கும். பின்மூடியில் எந்த எண் பொறித்திருந்தாலும், பழைய வாட்ச் தண்ணீர் தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திடீர் மழையில் நனையக்கூடிய பயணத்துக்கு அதைக் கொண்டு போக வேண்டாம். பழைய முகமும் புது உடம்பும் உள்ள வாட்ச்தான் பயணத்துக்குச் சரி.

இந்த வகையில் நல்ல தேர்வுகள் நிறைய இருக்கின்றன. சீக்கோ 5 வரிசை 1963-ல் தொடங்கியது. ஆட்டோமேட்டிக், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில், தண்ணீர் தாங்கும் தன்மை, 4 மணி இடத்தில் உள்ளடங்கிய சாவி, உறுதியான உடம்பும் செயினும் என்ற ஐந்து குணங்களைத்தான் அந்த 5 குறிக்கிறது. இந்த ஐந்தையும் படித்தால் பயணிக்காகவே எழுதிய பட்டியல் மாதிரி இருக்கும். சாவி 4 மணி இடத்தில் ஒதுங்கியிருப்பதால், பெட்டியைத் தூக்க மணிக்கட்டை மடக்கும்போது புறங்கையில் குத்தாது. டிசோ பிஆர்எக்ஸ், 1978-ல் வந்த மாடலின் மறுபிறவி. அதன் ஆட்டோமேட்டிக் வகை, முழுச் சாவியில் 80 மணி நேரம் ஓடும். உடம்போடு ஒட்டிய செயினும் பளிச்சென்ற டயலும் விரும்புகிறவர்களுக்கு சிட்டிசன் சுயோசா இருக்கிறது. உப்பிய கண்ணாடியோடு ஐம்பது, அறுபதுகளின் களை காட்டுவது ஓரியன்ட் பாம்பினோ.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, தண்ணீர். 3 பார் என்றால் கை கழுவும்போது தெறிக்கும் துளிகளைத் தாங்கும், அவ்வளவுதான். 5 பார் என்றால் மழையில் கவலையில்லாமல் நடக்கலாம். 10 பார் என்றால் நகரப் பயணத்தில் தண்ணீரை மறந்துவிடலாம். பாம்பினோ போன்ற 3 பார் வாட்சை மழைக்காலத்தில் கொண்டு போனால், அடிக்கடி சட்டைக்கைக்குள் ஒளித்துவைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, அளவு. 36 முதல் 40 மி.மீ. வரை உள்ள உடம்பு நம்மில் பெரும்பாலோரின் மணிக்கட்டுக்குப் பொருந்தும். தடிமனையும் பாருங்கள். குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் ஸ்வெட்டர் கைக்குள் வாட்ச் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் கோட்டு மாட்டும்போதெல்லாம் சிக்கும், ‘கழற்றி வைத்துவிடலாமா’ என்று தோன்றும்.

மூன்றாவது, ஸ்ட்ராப். டோக்கியோவின் கோடை, சென்னைக்குக் குறையாத புழுக்கம். தோல் ஸ்ட்ராப் வியர்வையில் ஊறி நாற்றமெடுக்கும். எஃகுச் செயின் நல்லது. வெயிலில் மணிக்கட்டு சற்று உப்பும் என்பதால் கொஞ்சம் தளர்வாக வையுங்கள். நைலான் ஸ்ட்ராப் அதைவிட லேசு, ராத்திரி அலசிப் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். உடம்புக்கு அடியில் ஒரே பட்டையாக ஓடும் நைலான் ஸ்ட்ராப் என்றால் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பக்கத்து பின் கழன்றாலும் மறுபக்கத்து பின் வாட்சைப் பிடித்துக்கொள்ளும்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம்

புது வாட்சை முதல் முறையாகப் பயணத்தில் கட்டாதீர்கள். ஒரு வாரமாவது முன்னதாகக் கட்டிப் பழகுங்கள். செயின் எங்கே கடிக்கிறது, எத்தனை கண்ணி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அந்த வாரத்திலேயே அது நாளுக்கு எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய சீக்கோ 5 வாட்ச்களில் இருக்கும் 4ஆர்36 இயந்திரத்துக்குத் தயாரிப்பாளர் தரும் வரம்பு, நாளுக்கு 45 விநாடி முந்துவது முதல் 35 விநாடி பிந்துவது வரை. பல வாட்ச்கள் இதைவிட ஒழுங்காகவே ஓடும். ஆனால் வரம்பின் விளிம்பில் ஓடும் ஒரு வாட்ச் நான்கே நாளில் மூன்று நிமிடம் தள்ளிப்போகும். ரயில் பிடித்தே நகர வேண்டிய ஊரில் முந்தி ஓடும் வாட்சால் கெடுதல் இல்லை, பிந்தி ஓடினால் ரயில் போய்விடும். உங்களுடையது பிந்துகிற வகை என்றால் தினமும் காலையில் ஒரு நிமிடம் கூட்டி வையுங்கள்.

ராத்திரி எந்த வாக்கில் வைக்கிறீர்கள் என்பதும் நேரத்தை மாற்றும். உள்ளே ஆடும் சக்கரம் படுத்திருக்கும்போது ஒரு வேகத்திலும், நிமிர்ந்திருக்கும்போது வேறு வேகத்திலும் ஆடுகிறது. டயல் மேலே பார்த்தபடி ஒரு ராத்திரி, சாவி மேலே பார்த்தபடி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். பகலில் முந்தியதை ராத்திரியில் ஈடுகட்டும் வாக்கு எது என்று தெரிந்துவிடும். செலவில்லாத சர்வீஸ் இது.

ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் பின் இரண்டையும் விரலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். லேசாக ஆடினாலும் மாற்றுங்கள். சில ரூபாய் பின் ஒன்று உடைந்துதான் ஆயிரக்கணக்கில் விலையுள்ள வாட்ச் தரையில் விழுகிறது. பில்லையும், பின்மூடியில் உள்ள எண்ணையும் படம் எடுத்து போனில் வையுங்கள். விலை உயர்ந்த வாட்ச் என்றால், புறப்படும் விமான நிலையத்தின் சுங்க கவுன்டரில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ‘இது வெளிநாட்டில் வாங்கியதா’ என்ற கேள்விக்கு அந்தக் காகிதமே பதில்.

விமானத்தில் நேரம் மாற்றுவது

ஜப்பான் நேரம் நம் நேரத்தைவிட மூன்றரை மணி கூடுதல். சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் இரண்டரை மணி, பிறகு ஒரு மணி என்று இரண்டு தவணையாக மாற்றலாம். விமானம் ஏறி உட்கார்ந்ததும் மாற்றிவிட்டால் சாப்பாடு, தூக்கம் எல்லாம் போகும் ஊர் நேரத்துக்குப் பழகத் தொடங்கும்.

இங்கே முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வாட்ச் இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சாவியைப் பாதி இழுத்துத் தேதியைத் தனியாக மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் தேதியைத் தள்ளும் பற்கள் ஏற்கெனவே தேதி வளையத்தோடு கோத்திருக்கும். நீங்களும் தள்ளினால் பல் உடையலாம், அல்லது மறுநாள் தேதி மாறாமலே போகலாம். நம் ஊரிலிருந்து பல சர்வதேச விமானங்கள் கிளம்புவது இதே ராத்திரி நேரத்தில்தான் என்பதால் கவனம் வேண்டும்.

இதற்கு வழி சுலபம். சாவியை முழுவதும் இழுத்து முட்களை முன்னோக்கி மட்டும் சுற்றுங்கள். ராத்திரி 11 மணிக்கு மூன்றரை மணி கூட்டினால் முட்கள் 12-ஐத் தாண்டி இரண்டரைக்கு வரும். தேதி தானே மாறிக்கொள்ளும். நாள் கணக்கில் நின்றுபோன வாட்ச் என்றால், முதலில் முட்களை ஆறரைக்குக் கொண்டு வந்துவிட்டுத் தேதியை மாற்றுங்கள். காட்டுவது பகலா ராத்திரியா என்று சந்தேகம் வந்தால் முட்களை முன்னோக்கிச் சுற்றுங்கள். தேதி எப்போது மாறுகிறதோ அதுதான் நள்ளிரவு.

திரும்பும்போது மூன்றரை மணி குறைக்க வேண்டும். பகல் 2 மணியைக் காலை பத்தரைக்குத் திருப்புவதில் சிக்கல் இல்லை. நள்ளிரவைத் தாண்டிப் பின்னோக்கித் திருப்புவதைத் தவிருங்கள். ராத்திரி விமானம் என்றால் வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் மாற்றினால் போதும்.

தினமும் காலையில் ஒரு நிமிடம்

4ஆர்36 முழுச் சாவியில் ஏறத்தாழ 41 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு பகல் 1 மணிவாக்கில் நின்றுவிடும். மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் வாட்ச் ஊரில் அடிக்கடி நிற்பதற்குக் காரணம் கை அசைவு போதாமைதான். நகரப் பயணத்தில் அந்தக் குறை இருக்காது. படி ஏறி இறங்கி, நாள் முழுக்க நடக்கும் கைக்கு வாட்ச் நன்றாகவே சாவி ஏற்றிக்கொள்ளும்.

ஆனாலும் காலையில் கட்டுமுன் சாவியை இருபது முப்பது சுற்றுச் சுற்றிவிடுங்கள். முந்தைய நாள் ரயிலிலேயே கழிந்திருந்தால் இது கைகொடுக்கும். பழைய 7எஸ்26 இயந்திரமுள்ள சீக்கோ 5-க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. அதைப் படுக்கை வாட்டில் பிடித்துப் பக்கவாட்டில் அரை நிமிடம் மெதுவாக ஆட்டினால் ஓடத் தொடங்கிவிடும்.

நேரத்தைச் சரிசெய்வதும் இப்போதே. 4ஆர்36-ல் விநாடி முள் 12-க்கு வரும்போது சாவியை முழுவதும் இழுங்கள், முள் நின்றுவிடும். நிமிட முள்ளை வேண்டிய இடத்துக்குச் சற்றுப் பின்னால் கொண்டுபோய், பிறகு முன்னோக்கிக் கோட்டின் நடுவில் நிறுத்துங்கள். இப்படிச் செய்தால் பற்சக்கரங்களின் இடையே உள்ள தளர்வு நீங்கி, முள் தயங்காமல் புறப்படும். போனில் விநாடி சுழியத்தைத் தொடும் கணத்தில் சாவியை அழுத்துங்கள். விநாடிக்கு ஆறு சிறு அடியாக முள் வழுக்கத் தொடங்கும். குவார்ட்ஸ் வாட்சின் துள்ளலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இந்த வாட்சின் மேல் ஏன் இத்தனை பேருக்கு ஆசை என்பது புரிந்துவிடும்.

கழற்ற வேண்டிய மூன்று இடங்கள்

கழற்றாத வாட்ச் என்றாலும் மூன்று இடங்களில் கழற்ற நேரும். மூன்றுக்கும் இடத்தை முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

ஒன்று, பாதுகாப்புச் சோதனை. வாட்சைத் தட்டில் தனியாகப் போடாதீர்கள். வரிசையில் நிற்கும்போதே கழற்றி, கைப்பையின் ஜிப் வைத்த உள்ளறையில் போட்டுவிடுங்கள். எக்ஸ்ரே கதிரால் இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டு, வெந்நீர்க் குளியல். ஆன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக்கும் சென்டோ என்ற பொதுக் குளியலறைக்கும் போகாமல் ஜப்பான் பயணம் நிறைவாகாது. அங்கே 10 பார் வாட்சையும் கழற்றுங்கள். சூடு ரப்பர் வளையங்களைத் தளர்த்தும். சோப்பு நீர் சாதாரண நீர் நுழையாத இடுக்கிலும் நுழையும். ஊற்று நீரில் உள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்கச் செய்யும். உடை வைக்கும் பெட்டியில், காலுறைக்குள் வாட்சைப் போட்டு வையுங்கள். காலுறை போடாமல் யாரும் ஷூ மாட்டப் போவதில்லை என்பதால் மறக்க வழியில்லை.

மூன்று, தூக்கம். கட்டிக்கொண்டே தூங்கினால் தவறில்லை. கழற்றுகிறவர்கள் முதல் இரவே ஓரிடத்தை முடிவு செய்து, கடைசி நாள்வரை அங்கேயே வையுங்கள். மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு அதன் டப்பாவே நல்ல இடம். காலையில் எப்படியும் அதைத் திறந்தாக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

தண்ணீருக்குப் பயப்படும் நாம் காந்தத்தை மறந்துவிடுகிறோம். போனின் ஸ்பீக்கர், டேப்லெட்டின் உறை, காதில் மாட்டும் ஹெட்போனின் டப்பா, கைப்பையின் ஒட்டும் பூட்டு, போன் முதுகில் ஒட்டும் சார்ஜர் என்று இன்றைய பயணப் பையில் எல்லாவற்றிலும் காந்தம். வாட்சின் உள்ளே மயிரிழை போன்ற சுருள் கம்பி ஒன்று விரிந்து சுருங்கித்தான் நேரத்தை அளக்கிறது. காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கும்.

ராத்திரி போனையும் வாட்சையும் ஒன்றாக வைக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி இருந்தால் போதும். சந்தேகம் வந்தால் சிறிய காம்பஸ் ஒன்றின் மேல் வாட்சை மெல்ல நகர்த்துங்கள். முள் ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. பயப்பட வேண்டாம். காந்தம் நீக்கும் கருவி வைத்திருக்கும் எந்த வாட்ச் கடையிலும் சில நொடி வேலை.

வாட்சுக்காக ஒரு நாள்

டோக்கியோவில் ஒரு நாளை வாட்சுக்காக ஒதுக்கலாம். காலையில் கின்சா 4-சோமே நாற்சந்திக்குப் போய்விடுங்கள். மூலையில் வளைந்த முகப்போடு, உச்சியில் மணிக்கூண்டோடு நிற்கும் கட்டடம் 1932-ல் கட்டி முடிக்கப்பட்டது. ‘வாகோ’ என்று பலரும் அழைக்கும் இதற்கு இப்போது சீக்கோ ஹவுஸ் கின்சா என்று பெயர். 1945 குண்டுவீச்சில் கின்சா பெருமளவு அழிந்தபோதும் இது தப்பித்தது. மணி நிறையும்போது கூண்டிலிருந்து ஒலி எழும். சரியாக அந்த நேரத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று உங்கள் விநாடி முள்ளையும் பாருங்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சீக்கோ அருங்காட்சியகம். அனுமதி இலவசம். முன்பதிவு வேண்டுமா, அன்று திறந்திருக்குமா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஹத்தோரி கின்தாரோ 1881-ல் தொடங்கிய கடிகாரக் கடையிலிருந்து, ஜப்பானின் முதல் கைக்கடிகாரமான 1913-ன் லாரல், உலகையே புரட்டிய 1969-ன் குவார்ட்ஸ் அஸ்ட்ரான் வரை எல்லாம் இங்கே இருக்கின்றன. என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது 1923 பெருநிலநடுக்கத்தின் தீயில் உருகி ஒன்றோடொன்று கட்டியாகிப்போன பாக்கெட் வாட்ச்கள். ரிப்பேருக்கு வந்திருந்த சுமார் 1,500 வாட்ச்கள் அந்தத் தீயில் போயின. உரியவர்களுக்கெல்லாம் புது வாட்ச் கொடுத்தார் ஹத்தோரி. ஒரு நிறுவனத்தின் பெயர் எப்படி நம்பிக்கையாக மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மதியம் கின்சா சுரங்க ரயில் பாதையில் ஏறினால் நேராக உயெனோ. அங்குள்ள தேசிய இயற்கை, அறிவியல் அருங்காட்சியகத்தில் தனகா ஹிசாஷிகே 1851-ல் செய்து முடித்த பல்முகக் கடிகாரம் இருக்கிறது. ஒருமுறை சாவி கொடுத்தால் ஒரு வருடம் ஓட வேண்டும் என்ற நோக்கில் செய்தது. பகலையும் இரவையும் தனித்தனியே ஆறாகப் பிரித்து, பருவத்துக்கு ஏற்ப நீளும் குறுகும் பழைய ஜப்பானிய நேரத்தையும் அது காட்டும்.

சாயங்காலத்துக்கு நகானோ. ஷின்ஜுகுவிலிருந்து சூவோ விரைவு ரயிலில் அடுத்த நிறுத்தம். நிலையத்தின் வடக்கு வாசலில் தொடங்கும் கூரை போட்ட கடைத்தெருவின் கோடியில் 1966-ல் திறந்த நகானோ பிராட்வே இருக்கிறது. அதன் மூன்றாம் தளத்தில் பழைய வாட்ச் கடைகள் வரிசையாக இருக்கும். வாங்காவிட்டாலும் பார்த்துவிட்டு வரலாம்.

வாங்குவதென்றால்

விலைச் சீட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அனுமதி கேட்டு வாட்சைக் கையில் எடுத்து, சாவி கொடுக்கும்போது கரகரப்பு இல்லையா என்று பாருங்கள். முட்களைச் சுற்றி நள்ளிரவைத் தாண்ட வைத்து, தேதியும் கிழமையும் முழுதாக மாறுகின்றனவா என்று கவனியுங்கள். டயலின் எழுத்துகளைச் சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள். மறுபெயின்ட் அடித்த டயலில் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும். செயின் உங்கள் மணிக்கட்டுக்கு எட்டுமா, எடுத்த கண்ணிகள் கூட வருமா என்று கேளுங்கள். எப்போது ஓவர்ஹால் செய்தார்கள், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான வரிச் சலுகைக்கு பாஸ்போர்ட் தேவை. விதிகள் மாறுவதால் நடைமுறையைக் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், நம் ஊர்ச் சுங்கத்தில் கேட்பார்கள்.

கிழமை வளையத்தில் இரண்டு மொழி இருக்கும். ஜப்பானில் விற்பவற்றில் ஒன்று ஜப்பானிய எழுத்து. கிழமையை மாற்றும்போது இரண்டும் மாறி மாறி வரும், வேண்டியதில் நிறுத்திக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும்

செயினைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்பு நீர் தொட்டுத் தேய்த்து அலசிக் காய வையுங்கள். உடம்பை ஈரத் துணியால் துடைத்தால் போதும். சாவி முழுவதும் உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்குள் பனி மூடியது போலத் தெரிந்தால் கவனியுங்கள். குளிரிலிருந்து சூட்டுக்கு வந்த சில நிமிடங்களில் மறைந்தால் பரவாயில்லை. மறையாமல் நின்றால் ஈரம் உள்ளே போயிருக்கிறது, அன்றே ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் துரு பிடித்துவிடும்.

கடைசியாக, கிளம்புமுன் எழுதி வைத்த நாள் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே அளவில் முந்தினாலோ பிந்தினாலோ வாட்ச் பயணத்தை நன்றாகத் தாங்கியிருக்கிறது. நிமிடக் கணக்கில் முந்தினால் முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். நிமிடக் கணக்கில் பிந்தினால் எங்கோ அடிபட்டிருக்கலாம், அல்லது எண்ணெய் உலர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் சர்வீஸ் தேவை. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் இந்தக் கணக்கைப் பார்த்து, கோளாறு சிறிதாக இருக்கும்போதே சரிசெய்து வந்தால், இதே வாட்சை அடுத்த தலைமுறையும் கட்டலாம்.